இம்மியும் பிசகாமல்

“இடது கை எப்பலேர்ந்து இப்படி?” என்று கேட்டார் நரம்பு டாக்டர்.

“போன வாரம்தான் டாக்டர். தம்ளர் கையிலேர்ந்து நழுவிடுச்சு,” என்றாள் என் மனைவி.

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமில்ல. தினமும் கீபோர்டு வாசிக்கிறேன். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பதிவாகுது. கை பின்தங்குதோன்னு எனக்கே சில நாள் தோணும். மறுநாள் இவர் போட்டுக் காட்டுவாரு, சுத்தமா இருக்கும். வெறும் பிரமைன்னு விட்டுடுவேன்.” என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, போன மாசத்தது ஒண்ணு போடுங்க.”

போனில் போட்டேன். இரண்டு கைகளும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாக நடந்தன. தாளம் இம்மியும் பிசகவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார். “ஒரே மாசத்துல இவ்வளவுன்னா வேகமா ஏறுற வகை. மருந்தும் கடுமையாத்தான் இருக்கும். நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

“எழுதாதீங்க டாக்டர்,” என்றேன். வீட்டு விலாசம் சொல்வதுபோல மீதியையும் சொன்னேன். “அது இவ வாசிச்சது வாசிச்சபடி இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. பிந்தி விழுற சுரத்தை இழுத்துத் தாளத்துல உட்கார வச்சிடும். ஒரு வருஷமா தினமும் அழுத்திட்டிருக்கேன். இவ மனசு நோகக் கூடாதுன்னு.”

டாக்டர் பேனாவை மூடினார்.

அவள் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இடது கைக்கு மட்டும்தானே?” என்றாள்.

“வலது கைக்கு மூணு மாசமாத்தான்,” என்றேன்.