வெறுந்தலை

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று வீட்டுக்காரம்மா புதுச்சேலை ஒன்றை நீட்டிவிட்டு, "வேற என்ன வேணும், கூசாம கேளு மருதாயி" என்றாள். "தங்க வளையல் கேளு புள்ள, விடாத" என்று கொத்தனார் ஆரோக்கியம் கிண்டலடித்தார். முப்பது வருசம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்த மருதாயிக்கு ஆத்திரந்தான் வந்தது. இத்தனை நாளில் ஒரு நாயும் இதைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "இந்த மாடிப்படியில ஒருதரம் வெறுந்தலையோட ஏறணும்" என்றாள். "எட்டு மாசம் ஏறினது போதாதா?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள். சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருதாயி ஏறினாள். மூன்றாம் படியிலேயே வலது கை தானாக உயர்ந்து, தலையில் இல்லாத பாண்டுச் சட்டியின் விளிம்பைப் பிடித்தது. கழுத்து விறைத்துக்கொண்டது. கீழே எல்லோரும் சிரித்தார்கள். "எறங்கு சனியனே" என்று இடக்கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த படியில் அது மறுபடி உயர்ந்தது. விடுவிடுவென்று கீழே இறங்கி வந்தாள். "ஏறியாச்சா?" என்றாள் வீட்டுக்காரம்மா. "இன்னும் இல்லம்மா." புதுச்சேலையை உதறிப் பிரித்து, வலது கையை இடுப்போடு சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். "சிரிச்சது போதும் கொத்தனாரே. வந்து முடிச்சைப் போடுங்க."