வெள்ளிக்கிழமைச் சூடை

நெற்றி நிறைய விபூதியோடு கோயிலால் வந்த குணேஸ்வரி, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டு வாசல் படலையில் நின்று மீன் வாங்கினாள்.

அன்புவழிபுரத்து ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"விபூதியும் மீனும்! நல்ல சோடி," என்றார் எதிர்வீட்டுச் சின்னராசா.

"விபூதி எனக்கு அண்ணை, மீன் மகளுக்கு. பிள்ளைக்கு இரத்தம் காணாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மீன் வேண்டாமெண்டா முட்டை நீங்கள் வாங்கித் தாறியளோ?"

சின்னராசா உள்ளே போய்விட்டார்.

முட்டை விலையைக் கேட்டாலே தலை சுற்றிய வருடம் அது. குணேஸ்வரியின் தையல் மெசினை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. மற்ற நாட்களில் மீனை எட்டிப் பார்க்கவும் ஏலாது. வெள்ளிக்கிழமை மட்டும், கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அபூதாஹிர் நானா சூடை மீனைப் பாதி விலைக்குத் தருவார்.

"தமிழ் ஆக்கள் இண்டைக்கு மீன் தொடமாட்டாங்க தங்கச்சி. திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்யிற? குடுக்கிறதக் குடுங்க. ஜும்மாத் தொழுகைக்கு முன்ன வீட்ட போகணும்."

மகள் நிவேதிகாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே வாய் நீளம்.

"ஒருத்தரும் வாங்காததைத் தள்ளிவிட நாங்கள்தான் கிடைச்சமோ நானா?"

"வேற ஆர் வாங்குற, மகள்?"

சிரித்தபடி, செவுள் சிவந்த புது மீனில் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

சிவப்பரிசிச் சோறு, புளி விட்ட சூடைக் குழம்பு, வேலி முருங்கையில் ஒடித்த இலையில் ஒரு வறை. அம்மா வறையோடு மட்டும் சாப்பிட்டு எழும்பிவிடுவாள். நிவேதிகா புறுபுறுத்துக்கொண்டே சட்டியை வழிப்பாள்.

இப்போது கம்பஸ் கன்ரீனில் எதைப் பிசைந்தாலும் நாக்கு அந்தக் குழம்பைத்தான் தேடுகிறது.

அன்றைக்குக் கன்ரீன் சுவரில் புதுப் போஸ்டர்: 'குறைந்த செலவில் நிறை உணவு.'

நிவேதிகாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"போஸ்டர் ஒட்டுறது சுகம் ஜுமானா! வாங்கிச் சமைக்கிறவளுக்குத்தான் தெரியும். எனக்கு இரத்தம் ஊறினதே வெள்ளிக்கிழமைச் சூடையிலதான். அதிலயும் உங்கட கிண்ணியா மீன்காரர் ஒராள் கெட்டிக்காரத்தனம் காட்டினவர். தமிழ் ஆக்கள் வாங்காத நாளில, பழுதாப்போற மீனை இல்லாதவையின்ர தலையில கட்டுறது. கடைசி வரைக்கும் அவருக்கு நட்டமில்லை, பார்!"

கூடப் படிக்கும் ஜுமானா, வாயருகே கொண்டுபோன கையை இறக்கினாள்.

"எந்தக் கிழமை எண்டாய்?"

"வெள்ளி. விடியப் பிடிபட்ட கிண்ணியா மீன் எண்டு சொல்லித்தான் தருவார்."

"பொய் சொல்லியிருக்கார்."

"பாத்தியா! நான் அப்பவே அம்மாட்டச் சொன்னனான்!"

"கொஞ்சம் பொறு புள்ள. வெள்ளிக்கிழமை எங்கட கரையில ஒரு தோணியும் கடலுக்குப் போறயில்ல, ஜும்மா நாள். அண்டைக்கு மீன் வேணுமெண்டா நாங்களே வேற கரைக்குப் போய், கேட்ட விலை குடுத்துத்தான் வாங்குற."

"அப்ப அந்த மீன் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள் நிவேதிகா.

ஜுமானா மெல்லச் சொன்னாள்:

"உங்கட தெருவில ஒருத்தரும் மீன் வாங்காத நாளில, அந்த நானா உனக்கெண்டே காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கார்."