ஆமா என்றார் பரமசிவன்

"எங்கப்பாவ யாரும் கட்டாயப்படுத்தல மேடம். 'வீட்ட மகனுக்கு எழுதிக் குடுக்கச் சம்மதமா'ன்னு பதிவாளர் கேட்டாரு. 'ஆமா'ன்னு சொன்னாரு. அதுக்கு மேல என்ன வேணும்?"

சுந்தரபாண்டி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபோது ரூபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தென்காசியில் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை. நடுவில் சக்கர நாற்காலியில் பரமசிவன். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் கூறிய மனுஷன். அவர் குரல் கேட்டால் ரோட்டில் போகிற லாரிக்காரனே திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது.

ரூபி அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவர் கட்டிய வீடு. பேச்சு போன பிறகு அதை, 'அப்பாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவேன்' என்று பத்திரத்தில் போட்டு எழுதி வாங்கினான் சுந்தரபாண்டி. சாரல் தொடங்கியதும் எல்லா அறைகளையும் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அப்பாவின் கட்டிலைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டான்.

ஒருநாள் பயிற்சிக்குப் போன ரூபி மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. அங்கே நின்றபடியே பரமசிவனின் மகள் முத்துசெல்விக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பெத்தவங்களப் பாதுகாக்கச் சட்டம் இருக்கு. பாத்துக்கிடுதேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு இப்படிப் போட்டு வச்சா, பத்திரத்தையே ரத்து பண்ணலாம். நாளைக்கே அப்பா பேருல மனு குடுங்க. சாட்சிக்கு நான் வாரேன்."

அந்த மனுதான் இன்றைக்கு விசாரணைக்கு வந்திருந்தது.

கோட்டாட்சியர் பரமசிவன் பக்கம் குனிந்தார். "ஐயா, வீட்ட மகனுக்கு மனசாரத்தான் குடுத்தீங்களா?"

"ஆமா," என்றார் பரமசிவன்.

"பாத்தீங்களா மேடம்! உங்க முன்னாலயே சொல்லுதாரு!"

முத்துசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபி எழுந்தேவிட்டாள்.

"மேடம், நான் மூணு கேள்வி கேட்டுக்கிடலாமா?"

"கேளுங்க."

"அண்ணாச்சி, உங்க பேரு சுந்தரபாண்டியா?"

"ஆமா."

"நாம இப்ப மதுரையிலயா இருக்கோம்?"

"ஆமா."

"உங்களுக்குப் பதினெட்டு வயசா?"

"ஆமா."

பரமசிவனின் கண் நிறைந்துவிட்டது. நாலு பேர் முன்னால் அவரை இப்படி ஆக்கிவிட்டோமே என்று ரூபி அவர் தோளில் கை வைத்தாள்.

"இந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு மிஞ்சியிருக்கு மேடம். வேணும்னாலும் ஆமா, வேண்டாம்னாலும் ஆமா."

சுந்தரபாண்டி பாய்ந்தான். "அப்ப புத்தி சரியில்லன்னுதானே அர்த்தம்? பைத்தியம் பேரால குடுத்த மனு மட்டும் எப்படிச் செல்லும்?"

"ஏலே, பெத்த அப்பனையா பைத்தியம்னு சொல்லுத?" முத்துசெல்வி அலறினாள்.

ரூபி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒரு பக்கம் சரி என்ற குறி. மறுபக்கம் தவறு என்ற குறி.

"அண்ணாச்சி, உங்க பேரு சுந்தரபாண்டியா?"

வாய் "ஆமா" என்றது. இடதுகை விரல் தவறு குறியில் போய் நின்றது.

"பரமசிவனா?"

விரல் சரிக்கு நகர்ந்தது.

"வீட்ட மகனுக்கு எழுதிக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

"ஆமா, ஆமா," என்று சொல்லிக்கொண்டே தவறு குறியைக் குத்தினார். ஒரு தடவை இல்லை. அட்டை மடியிலிருந்து கீழே விழும்வரை குத்தினார்.

"பேச்சு போறதும் ஒரு ஊனம்னு மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொல்லுது மேடம். அவரால எந்த வழியில சொல்ல முடியுமோ அந்த வழியில கேக்கணும். புத்தி இல்லன்னு ஒதுக்கவும் கூடாது, வாயில வந்தத அப்படியே எடுத்துக்கிடவும் கூடாது. ஒருத்தருக்காவது தோணுச்சா?"

கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார். "போதும்மா. பத்திரம் ரத்து. வீடு ஐயா பேருக்கே திரும்பும். இன்னைக்கே அவரு கட்டில் வீட்டுக்குள்ள போகணும் சுந்தரபாண்டி. நான் ஆள் அனுப்பிப் பார்ப்பேன்."

முத்துசெல்வி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒரு விஷயம் பாக்கி இருக்கு." கோட்டாட்சியர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "பதிவாளர் சும்மா நம்பிடலை. பத்திரத்தோட ஒரு சான்றிதழ் வச்சிருக்காங்க. 'நோயாளி கேள்விகளை நன்றாகப் புரிந்துகொண்டு, வாய்மொழியாகச் சரியான பதில் அளிக்கிறார்.'"

ரூபி மேஜையில் அடித்தேவிட்டாள். "எந்தப் புண்ணியவான் குடுத்தது? ஒரு கேள்விய மாத்திக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே! இவங்களையெல்லாம் நம்பித்தானே நோயாளிங்க வாராங்க? அந்த ஆள விடாதீங்க மேடம். நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதுங்க!"

"எழுதத்தான் போறேன்."

கோட்டாட்சியர் தாளின் அடியில் இருந்த கையெழுத்தில் விரல் வைத்தார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ரூபி குனிந்து படித்தாள்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றாள். "பேரு ஜெ. ரூபி. பேச்சுப் பயிற்சியாளர். இன்சூரன்ஸுக்குன்னு சான்றிதழ் கேட்டாங்க... பயிற்சி தொடங்குன முத வாரம். வாசல்ல நின்னுக்கிட்டே 'சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா'ன்னு ரெண்டு கேள்வி கேட்டேன். ரெண்டுக்கும் சரியாத்தான் பதில் சொன்னாரு."