தாடி எடுத்த மாப்பிள்ளை

“மூஞ்சிய ஆட்டாதே நைனா! கயுத்துல எதுனா ஆச்சுன்னா பொண்ணு பாக்கப் போவ முடியாது, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்!” என்று அதட்டினான் பக்ருதீன்.

ராயபுரத்தில் ஜெயவேலின் வீட்டுக் கிணற்றடி. முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு முக்காலியில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான் ஜெயவேல். நெஞ்சு வரை தொங்கிய தாடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தது அவனுடைய தோஸ்து பக்ருதீன்தான். மிச்சத்தை ஜெயவேல் தன் கையாலேயே வழித்துக்கொள்ள வேண்டுமாம். சீமைக் கப்பல் பட்லர் ஒருவரிடம் வாங்கிய சேஃப்டி ரேசரை அவனிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் பிடித்தபடி எதிரே நின்றான் பக்ருதீன்.

ஜெயவேலின் தோல் அப்படிப்பட்ட தோல். சவரக்கத்தி பட்டால் போதும், கன்னம் தடித்துச் சிவந்து மறுநாளே பொரிப் பொரியாகக் கிளம்பிவிடும். அதற்குப் பயந்துதான் தாடி வளர்த்தான். முதல் தடவை பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா இவனைச் சாமியார் என்று நினைத்துப் பயபக்தியோடு விபூதி கேட்டார். இந்த மகானும் கொடுத்துத் தொலைத்தான். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

இந்தத் தடவை அப்படிக் கோட்டை விட முடியாது. திருவொற்றியூர்த் தேர்த் திருவிழாவில் மலர்க்கொடியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று இருந்தான். அவளோ, “தாடிக்குள்ள இன்னா மூஞ்சி கீதுன்னு தெரியாம எப்பிடிக் கட்டிக்கிறது? வழிச்சிக்கினு வரச் சொல்லுங்க” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நியாயமான பேச்சுதானே!

“அழுத்தாதே மாமு! இன்னாத்துக்கு மண்ணு வெட்டுற மாதிரி வெட்டுறே? சும்மா மேல வெச்சு இழு, போதும்.”

“எரியுது பக்ரு.”

“எரியாம? சுடுதண்ணில நல்லா ஊற வெய்யின்னேன், கேட்டியா? முடி எந்தப் பக்கம் படுத்துக்கீதோ அந்தப் பக்கமே இழு. எதிர்ப்பக்கம் போனே, தோலும் கூடவே வந்துடும்.”

ஜெயவேல் ஒழுங்காக எதிர்ப்பக்கமே இழுத்தான். அவன் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா பட்டம்மாள் ஓடிவந்தாள்.

“அடப்பாவி, எம் புள்ளய இன்னாடா பண்றே?”

“நான் எங்கம்மா பண்ணேன்? உம் புள்ள தன்னைத்தானே குர்பானி குடுத்துக்கினு கீறான்!”

பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். பக்ருதீனுக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

“ஆமா, ஹார்பர்ல வெள்ளக்காரன் கம்பெனி உன்னுது. தாடின்னாலே தொரைக்கு ஆவாதே, உன்னை மட்டும் எப்பிடி வுட்டாங்க?”

“எங்க ஹெட் கிளார்க் தங்கமான மனுசன். ஒரு காரணம் சொன்னேன், மனசு எளகிட்டாரு. தொரைகிட்ட அவரே போயி எனக்காகச் சண்ட போட்டாரு.”

“அப்பிடி இன்னாடா காரணம்?”

“உனக்கு இன்னாத்துக்கு அது? கண்ணாடிய நேரா புடி.”

ஒருவழியாகச் சவரம் முடிந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, படிகாரத்தைத் தேய்த்தார்கள். ஜெயவேல் குதித்த குதியில் வாளி உருண்டது. ரத்தம் கசிந்த இடங்களில் பேப்பரைக் கிழித்து ஒட்டினான் பக்ருதீன். தாடிக்கு அடியில் வெயிலே படாத தாடை வெளுத்திருந்தது. நெற்றி மட்டும் கறுப்பு. இரண்டு பேர் முகத்தை வெட்டி ஒட்டினாற்போல இருந்தான்.

“ஷோக்கா கீறே, வா” என்றான் பக்ருதீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சாயங்காலம் பட்டம்மாளையும் கூட்டிக்கொண்டு மூவருமாகத் திருவொற்றியூரில் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலர்க்கொடி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளையின் கன்னத்துப் பேப்பர் துண்டுகளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜெயவேலுக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அப்பா சிரித்தபடி வெளியே வந்தார்.

“எனக்காவ இவ்ளோ ரத்தம் சிந்திக்கீறாரு, போதும்பா, புடிச்சிருக்குன்னு சொல்றா! அவ தாய்மாமன் மட்டும் வந்துட்டா இப்பவே தட்டு மாத்திக்கலாம். இந்த வூட்ல அவர் வாக்குத்தான் முடிவு. ஆபீஸ் வுட்டு நேரா வராரு.”

ஜெயவேலுக்குக் கன்ன எரிச்சல் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மலர்க்கொடிக்காகத் தினமும் இந்தத் தோலை உரித்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. பக்ருதீனைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்தான்.

“தோ, வந்துட்டாரு!”

மரியாதையாக எழுந்து நின்ற ஜெயவேல், வாசலில் குடையை மடக்கியபடி நுழைந்தவரைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனான். அவனுடைய ஹெட் கிளார்க் ஏகாம்பரம்!

அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வீடே கேட்கும்படி விசாரித்தார்:

“அடடே, நம்ம ஜெயவேலு! நீயும் மாப்ள கூட வந்தியா? சம்சாரம் முழுகாம கீறா, சவரம் பண்ணக் கூடாதுன்னு தாடியோட திரிஞ்சியே, இப்ப வழிச்சிட்டியே! பிரசவம் ஆயிடுச்சா? இன்னா கொழந்தப்பா, ஆணா பொண்ணா?”