நடுவில் ஒரு பைபிள்

"பெத்தனி, மாடி ரூம் கதவு திறந்திருக்கா?" சமையலறையிலிருந்தே கேட்டார் பாஸ்டர் வெண்டல்.

"நல்லாத் திறந்திருக்கு டாடி."

"ட்ரேவர் எங்க உக்காந்திருக்கான்?"

"கட்டில்ல, அந்தக் கோடியில. இந்தக் கோடியில நான். நடுவுல பைபிள். நீங்க சர்ச்சுல வயசுப் பசங்களுக்குச் சொல்லித்தர்ற மாதிரியேதான்."

பாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு மாடியேறினார். கட்டில் நடுவிலிருந்த பைபிளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏன் டாடி, நாங்க ஒரு தப்பும் பண்ணலையே?"

"அதாம்மா தப்பு. நானே உங்களுக்குக் கல்யாணம் பண்ணிவச்சு வருஷம் ஒண்ணாச்சு. உங்கம்மா பேரப்பிள்ளைக்குப் பின்னின ஸ்வெட்டரைப் பூச்சி அரிக்குது."

வெளியே வந்து, கதவை அவரே இழுத்துச் சாத்தினார்.