முகவரியின் வாலில் ஒரு பெயர்

அஞ்சலி இணையதளத்தின் டெம்ப்ளேட்டை, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்பை, எழுதியவள் பொன்செல்வி. ஒவ்வொரு லிங்கின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி, அதன்பின் இறந்தவரின் பெயர் தானாக வந்து உட்கார வேண்டும். அந்தப் பெயருக்குரிய பக்கம்தான் திறக்கும். சோதித்துப் பார்க்க அந்த இடத்தில் கணவன் தங்கப்பழத்தின் பெயரையே போட்டிருந்தாள், பக்கத்தில் அவன் படத்தையும். எடுக்க மறந்துவிட்டாள். தளம் திறந்த அன்று மதியத்துக்குள், எத்தனையோ வீட்டுச் சாவுச் செய்திகள் அவன் பெயரை வாலில் கட்டிக்கொண்டு வாட்ஸப்பில் ஊரெல்லாம் போய்விட்டன. டெம்ப்ளேட்டைத் திருத்தினாள். புது லிங்குகள் சரியாக வந்தன. போனவற்றைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. லிங்கைத் தொட்டு அவன் பக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் படத்தை உற்றுப் பார்க்கவில்லை. திரையிலிருந்த விளக்கைத் தொட்டு ஏற்றி, இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்கள்.

“அந்தப் பக்கத்தையே தூக்கிருங்க,” என்றார் மேலாளர் போனில்.

மடிக்கணினியோடு உள்ளறைக்குப் போனாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கையிலேயே இருக்கும் தங்கப்பழம், போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். யாரோ அவனுக்கும் அந்த லிங்கை அனுப்பியிருந்தார்கள்.

“‘ஒங்க சிரிப்ப மறக்க முடியலண்ணே’ன்னு ஒருத்தன் எழுதிருக்கான் செல்வி.”

“அது ஒங்களுக்கு எழுதுனதில்ல. என் தப்பு. இப்ப அழிச்சிருதேன்.”

“தெரியும்,” என்றான். “நான் விழுந்ததுக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இவங்களாவது வந்துட்டுப் போவட்டும்.”

அழிக்கும் பொத்தான்மேல் அவள் விரல் நின்றது. அவன் கையிலிருந்த போனில் இன்னொரு விளக்கு ஏறியது.