கருங்கிளிக்குக் கண்ணீர் அஞ்சலி

நேற்று கருங்கிளி செத்துப்போனாள். ஆறு வருஷமாகச் சுடலைக்கண்ணு பார்த்துவந்த தொடரின் நாயகி. ஏதோ ஒரு கிரகத்தில் பாறை உடைப்பவள். இரும்புக் கை, வாயைத் திறந்தால் வசவு. அவளை நாற்பது படம் வரைந்து வைத்திருந்தான். காட்டத்தான் ஆளில்லை. இப்போது ஆளுக்கொரு தொடர். டிவிப் பெட்டியே அவரவர் மனமறிந்து அவரவருக்கென்றே கதை செய்து தருகிறது. ஒருவர் அழுவது எதற்கென்று அடுத்தவருக்குத் தெரியாது.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. உப்பில் வெடித்த விரல்களால் கடைசியாக ஒருமுறை அவளை வரைந்து, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதி, உப்பளத்துக் கொட்டகைத் தூணில் ஒட்டினான்.

மத்தியானச் சோற்றுக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் தூணைச் சுற்றிக் கூடினார்கள். மூத்தவர் ஞானப்பழம் அவன் தோளில் கை வைத்தார்.

“யாருலே இது? கூடப்பொறந்தவளா?”

தொடர் என்று சொன்னால் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

“அக்கா,” என்றான்.

“அவ கை ஏம்லே இப்படி?”

“வேலையில போச்சு அண்ணாச்சி. அந்தக் கையோடதான் பாறை உடைச்சா. நேத்து பாறை சரியவும் முதுகு குடுத்துத் தாங்கி, பன்னெண்டு பேரை வெளிய அனுப்பிட்டு...”

யாரும் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. ரெஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த ஊருய்யா? நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு எல்லாருமா வந்து துட்டி கேட்டுட்டு வாரோம்.”

சுடலைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

“அங்க பஸ் போகாது மதினி.”